எம்லின் சாருக்கு வாய் நானுங்க

உட்காருங்க அம்மணி. அந்தச் சேர் வேண்டாம், அது ஒரு காலு ஆடும். இதுல உட்காருங்க. சன்னல மட்டும் தொறக்காதீங்க. ஆடி மாசத்துல உடுமலைப்பேட்டையில சன்னலத் தொறந்தா மேசை மேல இருக்கற காயிதமெல்லாம் பழனிக்குப் போய்ச் சேர்ந்துரும்.

எம்லின் சாரப் பத்தி எழுதறதாப் போன்ல சொன்னீங்க. எழுதுங்க. எழுத வேண்டிய மனுசன்தான். போன மாசம் அவுங்க ஊர்ல காலமாயிட்டாருன்னு எங்க டீம்ல ஆடுன அமுதவேணிதான் எனக்குச் சொன்னா. செத்தவரப் பத்திக் குத்தம் சொல்லக்கூடாதும்பாங்க. நான் குத்தம் சொல்லல. நடந்தத நடந்தபடி சொல்றேன், நீங்களே பாத்து எழுதிக்குங்க.

அதுக்கு முன்னால ஒரு விசயம். உங்க பத்திரிகைதான், வேற பத்திரிகை இல்ல. பன்னண்டு வருசத்துக்கு முன்னால எங்க காலேஜ் ரக்பி டீம் போட்டோ அதுல வந்துச்சு. நல்ல பெரிய போட்டோ. நடுவுல எம்லின் சார், சுத்தியும் புள்ளைக, வலது ஓரத்துல நானு, விசில் போட்டுக்கிட்டு நிக்கறேன். கீழ என்ன எழுதியிருந்தாங்க தெரியுங்களா? ‘பயிற்சியாளர் எம்லின் ப்ரொதரோ, வீராங்கனைகள், மற்றும் ஒருவர்.’

அந்த மற்றும் ஒருவர் நானுங்க. குழந்தைவேலு. உடற்கல்வி இயக்குநர். இருவத்தொம்பது வருச சர்வீஸ்.

உங்க மேல தப்பில்ல. நீங்க அப்பப் பள்ளிக்கூடம் போயிட்டிருந்திருப்பீங்க. ஆனாலும் சொல்லி வெக்கணுமில்லீங்களா. அந்த மனுசனுக்கு அங்க வாய் யாரு? நானு. அவரு பேசறது ஒரு புள்ளைக்காவது புரியுமா? நான்தான் தமிழ்ல எடுத்துச் சொல்லோணும். வாய் இல்லாம ஒருத்தர் எப்படீங்க கோச்சா இருக்க முடியும்?

சரி, மொதல்ல இருந்து சொல்றேன்.

எங்க காலேஜ் செயலாளர் சௌந்தரவல்லி அம்மா. அவுங்க பையன் இங்கிலாந்துப் பக்கத்துல வேல்ஸ்னு ஒரு நாடு, அங்க டாக்டரா இருக்கறாரு. அவரு ஊட்டுக்குப் பக்கத்து ஊட்ல எம்லின் சார். சம்சாரம் தவறிப் போச்சு. அறுவத்தொரு வயசு. ரெண்டு முழங்காலும் குளிர்ல புடிச்சுக்கும். ‘வெயிலடிக்கிற எடமாப் பாத்து எங்கயாச்சும் போயி ஆறு மாசம் இருக்கணும்’னு இவர்கிட்டச் சொல்லியிருக்காரு. டாக்டர் தம்பி உடனே அம்மாவுக்குப் போன் போட்டாரு. ‘அம்மா, இவரு வேல்ஸ் நாட்டு டீம்ல ரக்பி ஆடுனவரு. நம்ம காலேஜுக்கு அனுப்பறேன். ரூமும் சோறும் குடுத்தாப் போதும், சம்பளம் கேக்க மாட்டாரு’ன்னாரு.

சம்பளம் கேக்க மாட்டாருன்னதும் அம்மாவுக்கு ரக்பி மேல ஒரு மரியாத வந்துருச்சு.

என்னயக் கூப்புட்டு வுட்டாங்க. ‘குழந்தைவேலு, உங்க கபடிப் புள்ளைக பத்துப் பேர அவர்கிட்டக் குடுங்க. நீங்க கூடவே இருந்து அவரு சொல்றத மொழிபெயர்த்துச் சொல்லுங்க’ன்னாங்க. சரீங்கம்மான்னேன். இங்கிலீசு எனக்குப் பிரச்சினையே இல்லீங்க. எம்.பி.எட் இங்கிலீசுலதான் எழுதுனேன். பிரச்சினை அவரோட இங்கிலீசுதான். பாட்டுப் பாடற மாதிரி மேல ஏறும், கீழ எறங்கும். எங்க வார்த்தை முடியுதுன்னே தெரியாது. பத்துல நாலு புரியும். மிச்சம் ஆறையும் நானே நல்லபடியா நெரப்பிக்குவேன்.

பொறவுதான் தெரிஞ்சுது, அவருக்கும் இங்கிலீசு தாய்மொழி இல்லியாம். அவுங்க ஊருக்குன்னு தனிப் பாஷை இருக்குதாம். ‘குழந்தை, நானும் உன்னய மாதிரிப் பள்ளிக்கூடத்துலதான் இங்கிலீசு கத்துக்கிட்டேன்’னாரு. அப்ப ரெண்டு பேருமே அடுத்தவன் பாஷையிலதான் பேசிக்கிட்டிருந்திருக்கோம்.

ஆமாங்க, என்னயக் குழந்தைன்னுதான் கூப்புடுவாரு. குழந்தைவேலுன்னு முழுசா வரல. அப்ப எனக்கு எடை தொண்ணூத்திரண்டு கிலோ, மீசை இதவிடப் பெருசு. கிரவுண்டு நடுவுல நின்னு ‘குழந்தை, குழந்தை’ன்னு அவரு கூப்புட்டா புள்ளைக துப்பட்டாவ வாயில வெச்சுக்கிட்டுச் சிரிக்கும்.

அவரு பேரும் நம்ம ஊருல லேசுப்பட்ட பாடு படல. வந்த புதுசுல கிரவுண்டு கருங்கல்லாட்டம் கெடந்துச்சு. விழுந்தாத் தோலு உரியும். தண்ணி வேணும்னாரு. நான் ஊராட்சி ஆபீசுக்குப் போன் போட்டு, ‘லேடீஸ் காலேஜுக்கு ஒரு லாரி தண்ணி வேணுமுங்க, எம்லின் சார் கேக்கறாரு’ன்னேன். அந்தப்பக்கம் இருந்தவரு ‘யாரு, எம்எல்ஏ சாருங்களா?’ன்னாரு. காத்துல எனக்கும் சரியாக் கேக்கல, ஆமாங்கன்னு வெச்சுட்டேன். சாயங்காலத்துக்குள்ள மூணு லாரி தண்ணி. மறுநாள் காலையில ரோடு ரோலர். அதுக்கு மறுநாள் ரெண்டு பேரு வந்து சுண்ணாம்புக் கோடு போட்டுட்டு, ‘ஐயா எப்பத் தொறந்து வெக்க வர்றாரு?’ன்னு கேட்டாங்க. நான் எம்லின் சாரக் காட்டுனேன். அரைக்கால் டவுசரோட முட்டிக்குத் தைலம் தேய்ச்சுக்கிட்டிருந்தாரு. சுண்ணாம்பு வாளியத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்க. கோடு மட்டும் ரொம்ப நாளைக்கு அழியல.

ரக்பின்னா என்னன்னு நீங்க எழுதோணுமில்ல, சொல்றேன். இந்தக் கோட்டுல இருந்து அந்தக் கோட்டுக்குப் பந்தைத் தூக்கிட்டு ஓடிப் போயி அங்க தரையில வெக்கோணும். குறுக்க வர்றவன் புடிச்சுக் கீழ தள்ளலாம். இது வரைக்கும் நம்ம கபடிதான். ஆனா ஒரு கிறுக்குத்தனம் பாருங்க, பந்தைக் கூட்டாளிக்கு வீசறதுன்னாப் பின்னாலதான் வீசோணும். முன்னால வீசுனா விசில் ஊதிருவாங்க. ஓடறது முன்னால, வீசறது பின்னால. ஆடிக் காத்துல எங்க புள்ளைக பின்னால வீசுன பந்து அதுவாவே முன்னால போயிரும். தெனம் அழுவாச்சிதான்.

எம்லின் சார் ஆடுன எடத்துக்கு முட்டுன்னு பேரு. வாழைக்கு முட்டுக் குடுப்போமில்லீங்களா, அந்த முட்டு. தப்பு நடந்துச்சுன்னா ரெண்டு டீமும் குனிஞ்சு, தோளுக்குத் தோளு கொடுத்து, தலைய எதிராளி தோளுக்கு அடியில வுட்டுத் தள்ளுவாங்க. அதுல மொத வரிசையில ஓரத்துல நின்னு மொத்தப் பாரத்தையும் தாங்கறவன்தான் முட்டு. எங்க டீம்ல அது அமுதவேணி. மடத்துக்குளம் பக்கம், அப்பன் தேங்கா மண்டியில மூட்டை தூக்கறவரு. புள்ளையும் லீவு நாள்ல தூக்கும். பி.ஏ. இங்கிலீசு. தோளு அப்பிடியே கல்லு மாதிரி.

பயிற்சி எப்பிடி நடக்கும்னா, எம்லின் சார் மெதுவாப் பேசுவாரு. நான் ஒருநாளும் அவரு கத்திக் கேட்டதில்ல. ‘நல்லாருக்கு, அவசரப்படாதீங்க, இன்னொருக்காப் பண்ணலாம்’ இந்த மாதிரி எதாச்சும் சொல்லுவாரு. இதையெல்லாம் அப்பிடியே சொன்னாப் புள்ளைக உருப்படுமுங்களா? நான் மொழிபெயர்ப்பேன்: ‘ஏ எருமைகளா, சோறு திங்கறீங்களா இல்லையா, ரெண்டு ரவுண்டு ஓடுங்க.’ ஓடும். அவரு அசந்து போயி நிப்பாரு. வேற ஊருல கட்டிக்குடுத்த மகளுக்குக் கடுதாசி எழுதியிருக்காரு, ‘இந்த ஊருப் பொண்ணுங்க பாராட்டுனாச் சந்தோசத்துல மைதானத்தையே ரெண்டு சுத்துச் சுத்தறாங்க’ன்னு.

ஒருக்கா என்கிட்டவே கேட்டாரு. ‘குழந்தை, நான் ரெண்டு வார்த்தை சொன்னா நீ இருவது வார்த்தை சொல்றியே, தமிழ் அவ்வளவு நீளமான பாஷையா?’ நான், ‘ஆமாங் சார், செம்மொழி’ன்னேன். தலையாட்டிக்கிட்டாரு.

அவரு ஆடுன கதையக் கேக்கறீங்க. அதெல்லாம் எனக்கு மட்டுந்தான் தெரியும். மேட்சுக்குக் கோயமுத்தூர் போறப்ப வர்றப்ப பஸ்ல என் பக்கத்துலதான் உட்காருவாரு. ஜன்னலோரமா முழங்கால நீட்டிக்கிட்டு ஒவ்வொண்ணாச் சொல்லுவாரு.

அவுங்க அப்பாரு நிலக்கரிச் சொரங்கத்துல வேல பாத்தவராம். இவரு இரும்பாலையில. இருவத்திரெண்டு வயசுல நாட்டு டீமுக்கு எடுத்திருக்காங்க. ‘பதினொரு தொப்பி வாங்குனேன்’னாரு. பதினொரு தொப்பிய வெச்சுக்கிட்டு என்னங்க சார் பண்ணுவீங்கன்னேன். சிரிச்சாரு. நாட்டுக்காக ஒரு மேட்ச் ஆடுனா ஒரு தொப்பின்னு கணக்குச் சொல்றதாம், ஆனா நெசத் தொப்பி ஒண்ணுதான் தருவாங்களாம். பதினொண்ணுன்னு சொல்லிப்போட்டு ஒண்ணு குடுத்து அனுப்பியிருக்காங்க, இந்த மனுசனும் கேக்காம வாங்கிட்டு வந்திருக்காரு. ஏமாளி.

அந்தப் பதினோராவது மேட்ச்தான் கெரகம். அவுங்க ஊர்லயே ஆட்டம். அம்பதாயிரம் பேரு பாக்கறாங்க. ஒரு பாயிண்டு முன்னால இருக்காங்க, கடைசி நிமிசம். ரெண்டு பக்கமும் குனிஞ்சு தள்றாங்க. இவரு கால் சேத்துல வழுக்கி, இவரு விழுந்து, மொத்தக் கும்பலும் இவரு மேல விழுந்துருச்சு. வேணும்னே விழுந்தாருன்னு நடுவர் அடுத்த டீமுக்குப் பந்தைக் குடுத்துட்டாரு. அவன் ஒதைச்சான், மூணு பாயிண்டு. போச்சு. அதுக்கப்புறம் இவர டீம்ல கூப்புடவே இல்ல. அப்ப இருவத்தஞ்சு வயசு. முப்பத்தாறு வருசமா ரொட்டி வாங்கப் போனாலும் கடைக்காரன் கேப்பானாம், ‘ஏன் எம்லின், அன்னிக்கு நெசமாவே வழுக்குச்சா?’ன்னு.

‘நெசமாவே வழுக்குச்சுங்களா?’ன்னு நானும் கேட்டேன். கேக்கத்தான தோணும். பொள்ளாச்சியில பஸ் நின்னப்ப எறங்கிப் போயி டீ குடிச்சாரு. பொறவு சொன்னாரு, ‘தெரியல குழந்தை. எனக்கு மூச்சு முட்டுச்சு. கழுத்துல என்னமோ ஆச்சு. ஒரு நொடி எங்க இருக்கறேன்னே தெரியல. யாராச்சும் என்னய வெளிய கூப்புட்டிருந்தா நல்லாருந்திருக்கும்.’

நானும் ஆறுதலா இருக்கட்டும்னு என் கதையச் சொன்னேன். நானும் லேசுப்பட்டவன் இல்லீங்க அம்மணி. பல்கலைக்கழகக் கபடி டீம்ல மூணு வருசம். பன்னண்டு பேருல பன்னண்டாவது ஆளு. களத்துல ஏழு பேருதான் நிக்கலாம்கறதால கோடு தாண்டி உள்ள போற சந்தர்ப்பம் அமையல. மூணு வருசமும் அமையல. ஆனா யூனிபார்ம் குடுத்தாங்க, இன்னும் வெச்சிருக்கேன். அதக் கேட்டுட்டு எம்லின் சார் என் தோளத் தட்டி, ‘உன்னால ஒரு மேட்ச்சும் தோத்ததில்ல. குடுத்து வெச்சவன் நீ’ன்னாரு. இப்பிடிப் புரிஞ்சு பேசற ஆளு நம்ம ஊர்ல யாரு இருக்கறாங்க, சொல்லுங்க.

அப்புறம் கோச்சா நாலு எடத்துல இருந்திருக்காரு. நாலு எடத்துலயும் கழட்டி வுட்டுட்டாங்க. மொத எடத்துல, ஒரு முக்கியமான மேட்சுக்கு, நல்லா ஆடற ஆளு தோளு வலிக்குதுன்னானாம், ஊட்டுக்குப் போயிப் படுன்னுட்டாரு. தோத்துட்டாங்க. ரெண்டாவது எடத்துல, மேட்ச் அன்னிக்கு ஒருத்தன் சம்சாரத்துக்குப் பிரசவ வலி. ஓடுறா ஆஸ்பத்திரிக்குன்னுட்டாரு. தோத்துட்டாங்க. கொழந்தைக்கு எம்லின்னு பேரு வெச்சாங்களாம், கிளப்புல இவருக்கு வேட்டு வெச்சாங்க. மூணாவது எடத்துல பதினாலு மேட்ச் வரிசையாத் தோல்வி, காரணத்த அவரு சொல்லல. நாலாவது எடம் ஒரு பள்ளிக்கூடம், அங்க விளையாட்டையே நிறுத்திப்போட்டாங்க. நான் மனசுல நெனச்சுக்கிட்டேன், மனுசன் தங்கம், கை ராசி தகரம். நாமதான் பாத்து நடத்தோணும்.

நடத்துனேன். மொத அஞ்சு மேட்சும் தோத்தோம். அது அவரு சொன்னபடி ஆடுனதால. ஆறாவதுல இருந்து ஜெயிக்க ஆரம்பிச்சோம். அது நான் சொன்னபடி ஆடுனதால. தை மாசம் சென்னையில மாநிலப் போட்டிக்கு எங்கள எடுத்துக்கிட்டாங்க. சௌந்தரவல்லி அம்மா நேர்லயே வந்துட்டாங்க, பட்டுப் பொடவையில. ‘கோப்பை வந்துச்சுன்னா அடுத்த வருசம் அட்மிசனுக்கு நோட்டீஸ்ல போட்டுரலாம். எம்லின் சாரு இன்னும் ரெண்டு வருசம் இங்கயே இருக்கட்டும், அவருக்கும் ஊருல யாரு இருக்கறாங்க’ன்னாங்க. அதச் சொன்னப்ப அவரு மொகத்துல ஒரு வெளிச்சம் பாத்தேன். நம்ம ஊரு வெயிலு அவரு காலுக்கு ஒத்துக்கிச்சு. கேன்டீன்ல கொள்ளுப் பருப்பு ரசம் ரெண்டு தடவ வாங்கிக் குடிப்பாரு.

காலையில அரையிறுதி. நான் கோட்டோரமா ஓடி ஓடிக் கத்துனதுல ஜெயிச்சோம். ஆனா தொண்டை போயிருச்சு. சுத்தமாப் போயிருச்சு. வாயத் தொறந்தாக் காத்துதான் வருது. மத்தியானம் ஃபைனல். ஏழு பேரு ஆடற ரக்பிங்க, ஒரு பாதிக்கு ஏழு நிமிசம், ரெண்டு பாதி. அவ்வளவுதான் ஆட்டம். மொதப் பாதியில சென்னை டீமு பதினாலு, நாங்க ஒண்ணுமில்ல. ஏன்னா என் சத்தம் இல்ல.

எடைவேளையில புள்ளைக சுத்தி நிக்குதுக. எம்லின் சார் நாலு வார்த்தை பேசுனாரு. நான் மொழிபெயர்க்க வாயத் தொறக்கறேன், புஸ்ஸுங்குது. அமுதவேணி சொல்றா, ‘சார், நீங்க தண்ணி குடிங்க. எங்களுக்குப் புரிஞ்சிருச்சு.’

எப்பிருந்து புரியுதுன்னு கேக்கறதுக்கும் தொண்டை இல்ல. பின்னால ஒருநாள் கேட்டேன். ‘ஆவணியில இருந்தே புரியுதுங்க சார்’னா. அப்புறம் எதுக்கு நான் சொல்றதக் கேட்டுக் கேட்டு ஓடுனீங்கன்னேன். ‘ஓடலீன்னா உங்களுக்கு வருத்தமா இருக்குமில்லீங்களா’ன்னா. பாத்தீங்களா, அவ்வளவு மரியாத என் மேல.

அன்னிக்கு அவரு என்னதான் சொன்னாருன்னும் கேட்டேன். ‘பக்கத்துல நிக்கறவளப் பாருங்க. அவ சொமக்கறதுல பாதிய நீ வாங்கிக்க. அவ்வளவுதான் ஆட்டம்’னு சொன்னாராம். இதுல ஆட்டத்தப் பத்தி ஒரு யோசனை இருக்குதுங்களா? இப்பிடிச் சொன்னா எவ கோல் போடுவா? ஆனா ரெண்டாவது பாதியில புள்ளைக எறங்கி ஆடுச்சுக பாருங்க, நான் ஆறு மாசம் கத்துனது அத்தனையும் அப்பத்தான் வேல செஞ்சுது. பதினாலு பன்னண்டு. ரெண்டே பாயிண்டு பின்னால. ஒண்ணேகால் நிமிசம் பாக்கி. எதிராளி கோட்டுக்கு அஞ்சு மீட்டர்ல குனிஞ்சு தள்ற ஆட்டம், பந்து எங்களுது. தள்ளிட்டாப் போதும். அமுதவேணி இருந்தாத் தள்ளிருவா.

அதுக்குச் சித்த முன்னாலதான் அவளும் எதிர் டீம்காரி ஒருத்தியும் தலையும் தலையும் மோதிக்கிட்டாங்க. விழுந்தா. உடனே எந்திரிச்சுட்டா. நடுவர் கேட்டாரு, நல்லாருக்கேன்னா. நடந்து போயி வரிசையில நின்னா. என்ன, எதிர் டீம் வரிசையில நின்னா. சென்னைப் புள்ள ஒண்ணு அவளத் திருப்பி வுட்டுச்சு. நான் அது எதோ தந்திரம்னு நெனச்சேன். எம்லின் சார் பாத்துட்டாரு. ‘குழந்தை, அவள வெளிய கூட்டிட்டு வரச்சொல்லு’ன்னாரு.

 தொண்டை இல்லாததால கையிலயே சொன்னேன், சார், ஒண்ணேகால் நிமிசம், கோப்பை, அம்மா அங்க பட்டுப் பொடவையில, நீங்க ரெண்டு வருசம் இங்க இருக்கலாம், எல்லாத்தையும் கையிலயே சொன்னேன். அவரு என்னயப் பாக்கவே இல்ல, அந்தப் புள்ளையத்தான் பாத்தாரு. அமுதவேணி அங்கிருந்தே கும்புடறா. ‘சார், நான் நல்லாத்தான் இருக்கேன். குழந்தைவேலு சார், நீங்க சொல்லுங்க அவருகிட்ட.’ பின்னால சௌந்தரவல்லி அம்மா, ‘என்னாச்சு, எதுக்கு நிறுத்தறீங்க’ன்னு சத்தம் போடறாங்க. எல்லாரும் என் வாயத்தான் பாக்கறாங்க.

அம்மணி, ஆறு மாசமா அந்த மனுசன் சொன்ன ஒரு சொல்லையும் நான் உள்ளது உள்ளபடி சொன்னதில்ல. அன்னிக்கும் மாத்தியிருக்கலாம். ‘தள்ளு’ன்னு ஒரு கையக் காட்டுனாப் போதும், அவ தள்ளியிருப்பா. என்னமோ, அவரு மொகத்தப் பாத்தேன். அது மேட்ச் பாக்கற மொகமா இல்ல. நான் கோட்டத் தாண்டி உள்ள போனேன். அவ கையப் புடிச்சுக் காதுகிட்டக் குனிஞ்சு, இருந்த காத்துல சொன்னேன், ‘சார் உன்னய வெளிய வரச்சொல்றாரு கண்ணு. வா.’ ஒரு வார்த்தை கூட்டல, ஒரு வார்த்தை குறைக்கல.

அவ அழுதுக்கிட்டே வந்தா. வேற புள்ள உள்ள போச்சு. தள்ளுனாங்க. பந்து கை மாறிருச்சு. தோத்தோம். ரெண்டு பாயிண்டு.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். தலைக்குள்ள சின்னதா ரத்தக் கசிவு, நாலு நாள் வெச்சுப் பாத்தாங்க. இன்னொரு இடி வாங்கியிருந்தா உசுரு தங்கியிருக்காதுன்னாரு டாக்டர். டாக்டருங்க எப்பவும் அப்பிடித்தான் சொல்லுவாங்க. அமுதவேணி அதுக்கப்புறம் இந்தியாவுக்கே ஆடுனா, இப்பப் போலீஸ்ல எஸ்.ஐ.யா இருக்கா, உங்களுக்குத் தெரியுமே. கல்லு மாதிரி இருக்கா.

செயலாளர் அம்மா ஒண்ணும் திட்டல. ‘ஆறு மாசம் முடிஞ்சுது, டிக்கெட் போட்டுரலாமுங்களா’ன்னு மட்டும் கேட்டாங்க. அஞ்சாவது எடத்துலயும் கழட்டி வுட்டாச்சு. கோயமுத்தூர் ஏர்போர்ட்டுக்கு நானும் அமுதவேணியும்தான் போனோம். தலையில கட்டோட வந்திருந்தா. அவரு என் கையப் புடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் எதோ சொன்னாரு, அவுங்க ஊருப் பாஷையில. மொழிபெயர்க்க அங்க ஆளில்ல. நான் ‘சரீங் சார், சரீங் சார்’னுட்டு நின்னேன்.

எதுக்குச் சொல்றேன்னா, நல்ல மனுசன், ஆனா கோச்சிங்ல மனுசனுக்கு நெஞ்சழுத்தம் வேணும். அது அவருக்கு இல்ல. எனக்கு இருந்துச்சு. அவரு போன பொறவு நாலு வருசம் டீம நான்தான் நடத்துனேன். நாலாவது வருசம் மண்டலப் போட்டியில ஃபைனல் வரைக்கும் கொண்டு போனேன்.

அது என்னாச்சுன்னா கேக்கறீங்க? அது விசயமில்ல வுடுங்க. சரி, கேட்டதால சொல்றேன். மூணு பாயிண்டு நாங்க முன்னால. நாப்பது செகண்டு பாக்கி. எங்க முட்டு, திலகான்னு ஒரு புள்ள. மூச்சு வாங்கிட்டு நின்னா. ஒதடு வெளுத்திருந்துச்சு. கண்ணு எங்கயோ பாத்துச்சு. நான் உடனே வெளிய கூப்புட்டுட்டேன். அவ மாட்டேன்னா, நானே போயிக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்துட்டேன். உட்கார வெச்சு என்னம்மா பண்ணுதுன்னு கேட்டா, ‘ஒண்ணுமில்லீங் சார், வெள்ளிக்கிழமை விரதம், காலையில இருந்து சாப்புடல’ங்கறா. வெறும் பசி. பையில ஒரு தேங்கா பன்னு இருந்துச்சு, குடுத்தேன். அவ அதத் தின்னு முடிக்கறதுக்குள்ள நாங்க தோத்துட்டோம்.

சௌந்தரவல்லி அம்மா என்னயக் கூப்புட்டு, ‘அந்த வெள்ளக்காரரு போனாலும் அவரு சீக்கு உங்களுக்கு ஒட்டிக்கிச்சு’ன்னாங்க. டீம வேற ஆளுகிட்டக் குடுத்துட்டாங்க. எனக்கு யோகா வகுப்பு. ரிட்டயர் ஆகற வரைக்கும் சவாசனந்தான். அதுல யாரும் தோக்க மாட்டாங்க, படுத்துத்தான் கெடக்கோணும்.

அதுக்காக நான் வருத்தப்படல. பசியா இருந்தா என்னுங்க, பசிக்கற புள்ளய முட்டுக்கு நிறுத்தலாமா? இன்னிக்கு இருந்தாலும் கூப்புட்டுக்குவேன்.

ஏனுங் சிரிக்கறீங்க? நானும் அவரு மாதிரித்தான்னு எழுதிப்போடாதீங்க அம்மணி. அவரு அந்தப் புள்ளைக்குத் தலையில அடின்னு தெரிஞ்சு கூப்புட்டாரு. நான் ஒண்ணுமே தெரியாமக் கூப்புட்டேன். ரெண்டும் எப்பிடீங்க ஒண்ணாகும்? அவரு வேற, நான் வேற. இத மட்டும் தெளிவா எழுதுங்க.